மழையில் நிற்கட்டும் என்று விட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர், வீடு வீடாகப் போய் மதம் சொல்கிறவர்களைப் பற்றி எழுதியிருந்தார். எல்லாரும் சம்பளத்துக்கு வருகிறவர்கள், கதவைத் திறக்காதீர்கள், மழையில் நின்றால் நிற்கட்டும் என்று முடித்திருந்தார். மற்றதை விட்டுவிடலாம். மழையில் நின்றால் நிற்கட்டும் என்ற அந்த ஒரு வரியை என்னால் விட முடியவில்லை.

எனக்கு ஊர் ராமேஸ்வரம் பக்கத்தில் தங்கச்சிமடம். ஓய்வுபெற்ற ஆசிரியர், கத்தோலிக்கன், ஞாயிறு பூசை தவறாதவன். யாரும் வந்து என்னை வேறு சபைக்கு இழுத்துவிட முடியாது, அந்தப் பயமும் எனக்கு இல்லை.

போன வருஷம் ஜனவரியில் மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் அமெரிக்காவில் மினியாபொலிஸ் போயிருந்தோம். வாடைக்குப் பழகின உடம்புதானே என்று தைரியமாகப் போனேன். மார்கழியில் வடகடல் கொந்தளித்துக் காற்று கூரை ஓலையைப் பிய்க்கிற அன்றும் நம் ஆட்கள் சட்டை இல்லாமல் உட்கார்ந்து வலை பொத்துவார்கள் இல்லையா, அந்தக் கணக்கெல்லாம் அங்கே எடுபடாது. மைனஸ் 20 டிகிரி. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கிற முடியே விறைத்து ஒட்டிக்கொள்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் கதவு தட்டப்பட்டது. இரண்டு பையன்கள். ஒருவனுக்கு 19 வயது, இன்னொருவனுக்கு 20. கறுப்புக் கோட்டு, கழுத்தில் டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. சின்னவனின் கண் இமை மயிரில் பனி வெள்ளையாகப் பிடித்திருந்தது, உப்பளத்தில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களின் கால் மயிரில் உப்புப் பூத்திருக்குமே, அதுபோல. மார்மன் என்று உலகம் சொல்லும் சபையிலிருந்து மதம் சொல்ல வந்தவர்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப்பெயர், அந்தப் பெயரையே சொல்லும்படி அவர்களுடைய அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டாராம். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது, இப்போது தலைமையகம் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டி.

மகள் கைக்குழந்தையோடு தயங்கினாள். நான்தான் உள்ளே வாருங்கள் என்றேன். முதலில் சொன்னது, நான் கத்தோலிக்கன், மாற மாட்டேன், ஆனால் உட்கார்ந்து குளிர் காயலாம் என்பது. சரி என்று பூட்ஸைக் கழற்றி வாசல் ஓரத்தில் வரிசையாக வைத்தார்கள். பெரியவனின் சாக்ஸ் ஈரம், குதிகாலில் கையாலேயே தைத்த தையல். வெப்பக்காற்று வருகிற துவாரத்தின் பக்கத்தில் காலை நீட்டிக்கொள்ளச் சொன்னேன், கூச்சப்பட்டான்.

டீ போடவா என்று மனைவி கேட்டாள். டீ, காப்பி, மது, புகையிலை நான்கும் அவர்களுக்கு ஆகாது, 1833லிருந்து இருக்கிற கட்டுப்பாடு. அப்போது சுக்குக் காப்பி போடுகிறேன் என்று மகள் சொன்னதும் காப்பி என்ற சொல்லைக் கேட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சுக்கையும் மல்லியையும், நாங்கள் சாயல்குடிப் பக்கத்திலிருந்து வாங்கிக் கொண்டுபோன கருப்பட்டியையும் எடுத்துக் காட்டி, பெயரில் மட்டும்தான் காப்பி இருக்கிறது என்று அவள் விளக்கினாள். குடித்தார்கள். சின்னவன் இரண்டாவது டம்ளரும் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் முழுக்கப் பனி கொட்டியது. மருமகன் வேலை விஷயமாக வெளியூரில். அந்த நகரத்தில் பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்கு முன்னால் இருக்கிற நடைபாதையை வீட்டுக்காரர்தான் சுத்தம் செய்ய வேண்டும், அது சட்டம். எனக்கு 68 வயது, இரண்டு முறை அள்ளியதும் நெஞ்சு பிடித்துக்கொண்டது. வியாழன் காலை சிமெண்டுத் தரையைச் சுரண்டுகிற சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்து பார்த்தால் அந்த இரண்டு பேரும். எங்கள் வாசலை முடித்துவிட்டு, அடுத்த வீட்டில் தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவின் வாசலையும் முடித்தார்கள். அந்த அம்மா முதல்நாள் அவர்கள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தியவர் என்று மகள் சொன்னாள். வெள்ளிக்கிழமை மறுபடி பனி, மறுபடி சுரண்டல். உள்ளே வரவில்லை, கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

சம்பளம் என்று எழுதிய நண்பருக்குச் சொல்கிறேன். அந்தப் பையன்களுக்குச் சம்பளம் கிடையாது. மாதச் செலவுக்கு அவர்களும் வீட்டாரும்தான் பணம் கட்டுகிறார்கள், பெரியவன் பள்ளியில் படிக்கும்போதே வேலை பார்த்துச் சேர்த்தானாம். இந்த ஊழியம் பையன்களுக்கு இரண்டு வருஷம், பெண்களுக்கு ஒன்றரை வருஷம். எந்த ஊர் என்று சபைதான் சொல்லும். காலை 6:30க்கு எழ வேண்டும், எங்கே போனாலும் இரண்டு பேராகப் போக வேண்டும், கடலோ குளமோ நீச்சல் கூடாது. கடற்கரையில் பிறந்த எனக்கு அதுதான் பெரிய தண்டனையாகத் தெரிந்தது. திங்கள்கிழமை மட்டும் துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்குப் பேச. 2019 பிப்ரவரிக்கு முன்னால் வாராவாரம் வீட்டுக்குப் பேசுவதும் இல்லை, கிறிஸ்துமசுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் அம்மா குரலைக் கேட்க முடியுமாம். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து அந்தக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள் என்றபோது, எங்கள் வீட்டில் ஒருசந்தி இருப்போம் என்று நான் சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் பேச்சு நன்றாக ஓடியது.

அவர்களுடைய வேதத்தை நான் ஏற்கவில்லை. பைபிளோடு இன்னொரு நூலையும் வேதமாக வைத்திருக்கிறார்கள், ஒரு பக்கம் வாசிக்கக் கேட்டேன், என் விசுவாசத்துக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு முறை மறுத்தபிறகும் மூன்றாவது முறை கோயிலுக்குக் கூப்பிட்டார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் முகத்துக்கு நேரே சொன்னேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் கேட்கவே இல்லை. காசு காட்டியோ நரகத்தைக் காட்டியோ வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்துங்கள், நானும் சாத்துவேன். அது வேறு கதை.

வேதம் சொல்ல ஊர் ஊராகப் போவது நம் கரையில் புதுசா? வேதாளையில் 1549இல் அந்தோணி கிரிமினாலி என்ற சேசு சபைக் குரு கொல்லப்பட்டார். ஓரியூரில் 1693இல் இன்னொரு சேசு சபைக் குருவான அருளானந்தர் தலை வெட்டப்பட்டது, அந்தச் செம்மண்ணை இன்றைக்கும் எடுத்துக்கொண்டு போகிறோம். அவ்வளவு தூரம் போக வேண்டாம், என் அப்பா உபதேசியார், வேதம் சொல்லிக்கொடுக்கிறவர். குப்பம் குப்பமாக நடந்தே போவார். ஒரு கார்த்திகை மழையில் குடை மடங்கி, செபப் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பாம்பனில் ஒரு முஸ்லிம் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியிருக்கிறார். அந்த வீட்டு அம்மா துண்டு கொடுத்து, வரக்காப்பியும் கொடுத்து, மழை விடுகிற வரைக்கும் இருங்க வாத்தியாரே என்றாராம். அந்த வீட்டில் அப்பா ஒரு நாளும் வேதம் பேசியதில்லை, ஒவ்வொரு பெருநாளுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவர் சாவுக்கு அந்த வீட்டிலிருந்து நான்கு பேர் வந்து நின்றார்கள்.

இதே மழை இந்தக் கார்த்திகையிலும் பெய்தது, பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்த நாள். எங்கள் தெருவில் ஏதோ ஒரு சபையைச் சேர்ந்த ஓர் அண்ணனும் அவர் மனைவியும் துண்டுப் பிரசுரத்தோடு வந்தார்கள். ஒரு வீட்டில் சத்தம் போட்டு, நாயையும் அவிழ்த்துவிட்டார்கள். பூட்டியிருந்த பலசரக்குக் கடையின் தகரத்துக்குக் கீழே இரண்டு பேரும் நனைந்துகொண்டே நின்றார்கள், அந்த அம்மா செருப்பைக் கையில் பிடித்திருந்தார். நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். சபைப் பேச்சு வேண்டாம் அண்ணே, முதலில் தலையைத் துவட்டுங்க என்றேன். மனைவி சுக்குக் காப்பி வைத்தாள். முக்கால் மணி நேரம் கடல் நிலவரமும் மீன் விலையும் பேசிக்கொண்டிருந்தோம், பிரசுரங்கள் மேசை மேல் மின்விசிறிக்குக் கீழே காய்ந்துகொண்டிருந்தன. மழை கொஞ்சம் விட்டதும் எடுத்துக்கொண்டு அக்காள்மடம் பக்கமாக நடந்து போனார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தங்கச்சிமடம்.