‘நன்றி: இணையம்’ என்பது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் படம் வரைந்து போடுவதெல்லாம் வெறும் ‘லைக்’ வேட்டை என்று சென்ற ஞாயிறு இணைப்பில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எண்ணிக்கையைப் பார்த்து மனம் அலைபாய்வது உண்டுதான். ஆனால், தேனி மாவட்டப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியராக இருக்கும் என்னால் அதை முழுவதும் ஏற்க இயலவில்லை. தமிழ்நாட்டில் அரசு கவின் கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் மட்டுமே உள்ளன. அங்கே படித்து முடித்து ஊர் திரும்பியவர்களுக்கு, வரைந்ததைக் காட்டிக் குறை கேட்கக்கூட அக்கம்பக்கத்தில் ஆள் கிடைப்பதில்லை.

எனக்கு அந்தக் குறையைத் தீர்த்தது ‘இங்க்டோபர்’. அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009-இல் தம் சொந்தப் பயிற்சிக்காகத் தொடங்கிய இவ்வழக்கத்தில், அக்டோபரின் 31 நாள்களுக்கும் நாளுக்கொரு சொல் தரப்படும். அதற்கேற்ப மையால் ஒரு படம் வரைந்து வலையேற்ற வேண்டும். 2019-ஆம் ஆண்டுப் பட்டியலில் ‘ஸ்நோ’ என்ற சொல் வந்தது. எங்கள் பக்கத்தில் ஸ்நோ என்றால் பவுடருக்கு முன் முகத்தில் பூசுவதுதானே என்று, திருவிழா நாடகத்துக்கு ஒப்பனை செய்துகொள்ளும் ராஜபார்ட் நடிகரைக் கைக்கண்ணாடியோடு வரைந்து போட்டேன். இரவுக்குள் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஈப்போவிலிருந்தும் அவரவர் பாட்டிமார் ஒளித்து வைத்திருந்த ஸ்நோ புட்டிகளின் கதைகள் வந்து சேர்ந்தன. பெயர்ப்பலகை எழுதி ஓய்ந்த பெரியவர் ஒருவர் மட்டும், “ராஜா பூசுவது ஒரு கன்னத்தில், கண்ணாடியில் வெளுப்பது இன்னொரு கன்னம், மந்திரியை அழைத்து விசாரிக்கவும்” என்று எழுதியிருந்தார். இடவலத்தை மாற்றிப் போட்டிருந்தேன்! கல்லூரியில் எவரும் இவ்வளவு நயமாக என் பிழையைச் சுட்டியதில்லை. மறுநாளே முடிதிருத்தகம் ஒன்றின் கண்ணாடிக்கு முன் அமர்ந்து, பிம்பங்களை மட்டும் பக்கம் பக்கமாக வரைந்தேன். இன்றுவரை நான் வரைந்துவரும் சலூன் படங்களுக்கு அதுவே தொடக்கம்.

அதே ராஜபார்ட் படத்தை, மூலையிலிருந்த என் கையொப்பத்தை வெட்டிவிட்டு, ‘நன்றி: இணையம்’ என்ற குறிப்புடன் ஓர் அச்சு இதழ் பிறகு வெளியிட்டது. படைப்புக்குத் தம் பெயரைக் கோரும் உரிமையை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு படைப்பாளிக்குத் தருகிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெரியவர் என்னைத் தேடி வந்தது அந்தக் கையொப்பத்தைப் பிடித்துக்கொண்டுதான். அச்சில் பார்த்து ரசித்தவர்களுக்கோ, குறை சொல்ல நினைத்தவர்களுக்கோ அந்த வழி இல்லாமல் போயிற்று.

தங்கள் ஞாயிறு இணைப்பிலும் சில படங்களின் கீழ் இதே குறிப்பைப் பார்க்கிறேன். இணையத்திலிருந்து எடுக்கும் படங்களுக்கு வரைந்தவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டு, அவர் பெயரையும் அச்சிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் ஒருவர்,
தேனி மாவட்டம்.