ஹார்ட்டன் ஃபுட்டைப் படி: திரைக்கதை எழுதப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

நாவலைத் திரைக்கதையாக்கும் வேலை உனக்குக் கிடைத்ததில் எனக்கும் அப்பாவுக்கும் ரொம்ப சந்தோஷம். மேடைக்கு எழுதிப் பழகிய கைக்கு இது வருமா என்று கேட்டிருந்தாய். வரும். உட்கார்ந்து எழுதத் தொடங்கும் முன் ஹார்ட்டன் ஃபுட்டைப் படி. மேடை, தொலைக்காட்சி, சினிமா மூன்றிலும் அறுபது வருடத்துக்கு மேல் எழுதியவர். எதைக் காட்டக் கூடாது என்று முடிவெடுப்பதில் அவருக்கு இருந்த தெளிவு உனக்கு இப்போது அவசியம் வேண்டும்.

1916இல் டெக்சஸ் மாநிலத்து வார்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா துணிக்கடைக்காரர். பிள்ளைக்கோ நடிகனாக ஆசை. கலிபோர்னியாவில் பாசடேனா பிளேஹவுஸில் நடிப்புப் படித்துவிட்டு நியூயார்க் போய் ஒரு சிறு நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கே நடிப்புப் பயிற்சியில் அவர் தன் ஊர்க்காரர்களை வைத்து உருவாக்கிய காட்சியைப் பார்த்த நடன அமைப்பாளர் ஆக்னஸ் டி மில், நீ ஏன் எழுதக் கூடாது என்று கேட்டார். 1940இல் முதல் நாடகம் வந்தது. அதன்பின் வார்ட்டனுக்கு ஹாரிசன் என்று பெயர் மாற்றி, அந்த ஒரே ஊரைத்தான் கடைசி வரை எழுதினார்.

அவர் கை தேறியது 1950களின் நேரலைத் தொலைக்காட்சியில். தயாரிப்பாளர் ஃப்ரெட் கோ, நாடக ஆசிரியர்களைத் தேடிப் பிடித்து எழுத வைத்த காலம் அது. ஒரு மணி நேர இடம், அதில் விளம்பரம் போக மிச்சம். நடிப்பது அப்படியே ஒளிபரப்பாகும், வெட்டி ஒட்ட வழியில்லை. ஒரு பாத்திரம் உடை மாற்றி வர வேண்டுமென்றால் அந்தப் பாத்திரம் இல்லாத ஒரு காட்சியை எழுத்தாளர்தான் நடுவில் வைக்க வேண்டும். கூட்டம், துரத்தல், ஊர்வலம் எதுவும் முடியாது. மிஞ்சுவது நாலைந்து முகம், இரண்டு மூன்று அறை.

1953இல் வந்த 'தி ட்ரிப் டு பவுன்டிஃபுல்' அப்படி எழுதியதுதான். ஹூஸ்டனில் மகன் மருமகளோடு நெருக்கடியான சின்ன வீட்டில் இருக்கும் கிழவி, சொந்த ஊருக்கு ஓடிப் போகத் துடிக்கிறாள். முதல் பகுதியை மட்டும் பென்சிலோடு படி. ஊர் ஏக்கம் பற்றி நீளமான வசனம் தேடினால் கிடைக்காது. தூக்கம் வராத ராத்திரி, கிழவி பக்திப் பாட்டு பாடக் கூடாது என்று மருமகள் போடும் சண்டை, கிழவி ஒளித்து வைக்கும் பென்ஷன் காசோலை. அந்தக் காசோலை எங்கே என்பதுதான் காட்சியை இழுத்துக்கொண்டு போகிறது. பஸ் நிலையத்தில் பவுன்டிஃபுலுக்கு டிக்கெட்டே கிடையாது, ஹாரிசனுக்குத்தான் வாங்க முடியும். ஊர் அழிந்துவிட்டது என்ற சேதி நமக்கு ஒரு டிக்கெட் கவுன்ட்டரில் கிடைக்கிறது. உணர்ச்சியை ஒரு பொருளிலோ ஒரு வேலையிலோ ஏற்றிவிட்டால் வசனம் பாதியாகும். லில்லியன் கிஷ் நடித்த அந்த நாடகம் அதே வருடம் பிராட்வேக்குப் போய்ச் சீக்கிரமே இறங்கிவிட்டது. 1985இல் படமாகி, ஜெரால்டின் பேஜுக்குச் சிறந்த நடிகை ஆஸ்கர் வாங்கித் தந்தது.

இனி உன் வேலைக்கு நேராகப் பயன்படுவது. ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலுக்குத் திரைக்கதை எழுத லீ மறுத்துவிட்டதால் ஃபுட்டிடம் வந்தது. 31 அத்தியாயம், சுமார் மூன்று வருடக் கதை. ஒரு வருடத்துக்குள் அடக்கிப் பாருங்கள் என்று தயாரிப்பாளர் ஆலன் பக்கூலா சொன்ன யோசனைதான் கதவைத் திறந்தது. காலம் நீண்டால் 'சில மாதங்களுக்குப் பிறகு' என்று திரும்பத் திரும்பப் போட வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் இறுக்கம் தளர்ந்து, மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும். குழந்தை நடிகர்கள் மூன்று வயது வளர்ந்ததாகக் காட்டுவதும் கஷ்டம். காலத்தைச் சுருக்கியதும் அத்தை அலெக்சாண்ட்ரா மொத்தமாகப் போனாள், தேவாலயத்துக்குப் போகும் பகுதி போயிற்று, டுபோஸ் கிழவியின் நீண்ட கதை ஒரு சின்னக் காட்சியாயிற்று.

வெட்டுவதோடு அவர் நிற்கவில்லை, அதைக் கவனி. அம்மா இறந்தபோது தனக்கு இரண்டு வயது என்று நாவலில் கதை சொல்லும் ஸ்கௌட் ஓரிரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறாள். ஃபுட் அதைக் காட்சியாக்கினார். ராத்திரி, படுக்கையில் ஸ்கௌட் அண்ணனிடம் கேட்கிறாள்: அம்மா சாகும்போது எனக்கு என்ன வயது, உனக்கு என்ன வயது, அம்மா அழகாக இருந்தாளா, உனக்கு அவள் மேல் பிரியமா, அவள் இல்லாமல் ஏங்குகிறாயா. பதில் ஒவ்வொன்றும் ஓரிரு சொல். வெளியே தாழ்வாரத்து ஊஞ்சலில் தனியாக உட்கார்ந்து அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு வசனமும் இல்லை. மனைவியை இழந்தவரின் துயரம் முழுக்க அங்கே இருக்கிறது. அதை அவரே வாய்விட்டுப் பேசியிருந்தால் காட்சி செத்திருக்கும்.

அதனால் உன் நாவலை எடுத்ததும் முதலில் நிகழ்ச்சிகளை மட்டும், ஆளுக்கு ஒரு அட்டை என்றில்லாமல் சம்பவத்துக்கு ஒரு அட்டையாக எழுது. எது போனால் கடைசிக் காட்சி நடக்காதோ அதை மட்டும் மேசையில் வை. பிறகு, கதைசொல்லி வெறும் தகவலாகச் சொல்லிப் போகும் வலியான வரிகளை அடிக்கோடிடு. அவற்றில் இரண்டோ மூன்றோ காட்சியாக வேண்டும். பின்னணிக் குரல் வைத்தால், கண்ணுக்குத் தெரிவதையே திரும்பச் சொல்ல விடாதே. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது கணக்கு. 180 பக்கம் வந்தால் வசனத்தைச் செதுக்கிக்கொண்டிருக்காதே, ஒரு பாத்திரத்தையே எடு.

'மாக்கிங்பேர்ட்' திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பக்கத்து வீட்டுக்காரன் பூ ராட்லியாக வரும் நடிகர் ராபர்ட் டுவாலைச் சிபாரிசு செய்ததும் ஃபுட்தான். டுவால் அதில் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஆனால் அடுத்த வருடங்கள் நன்றாக இல்லை. அவருடைய 'தி சேஸ்' 1966இல் படமானபோது திரைக்கதையை லில்லியன் ஹெல்மன் எழுதினார். வெளிவந்த படம் ஃபுட்டின் சிற்றூருக்கு வெகு தூரம். மெல்லப் பேசும் எழுத்துக்குப் பெரிய ஸ்டுடியோவில் இதுதான் நேரும்: நட்சத்திரம் கூடக் கூட, சத்தமும் கூட வேண்டும் என்பார்கள். அவர் நியூ ஹாம்ப்ஷயர் கிராமப்புறத்துக்குக் குடிபோய், தன் அப்பாவின் வாழ்க்கையை வைத்து ஒன்பது நாடகங்கள் எழுதத் தொடங்கினார். வாய்ப்பு வற்றிய காலத்தில் எழுதிய அவைதான் அவருடைய பெரிய சாதனை என்பது என் கருத்து. சிலவற்றைக் குடும்பமாகவே சேர்ந்து டெக்சஸில் குறைந்த செலவில் படமாக்கினார்கள். மகள் ஹாலி, தன் பாட்டியை மாதிரியாக வைத்து எழுதிய பாத்திரத்தில் நடித்தாள்.

1983இல் வந்த 'டெண்டர் மெர்சீஸ்' சொந்தக் கதை, இரண்டாவது ஆஸ்கர். குடியில் வீழ்ந்த அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகன் ஒரு விதவையை மணக்கிறான், கல்யாணத்தைக் காட்டவில்லை. மகள் விபத்தில் சாகிறாள்; விபத்தைக் காட்டவில்லை. அதற்கு முன், வருடக்கணக்கில் பார்க்காத மகள் அவனைத் தேடி வந்து, சின்ன வயதில் எனக்கு ஒரு புறாப் பாட்டு பாடுவீர்களே, நினைவிருக்கிறதா என்கிறாள். இல்லை என்கிறான். அவள் போனதும் ஜன்னலோரம் நின்று, அந்தப் பாட்டைப் பாடுகிறான். இந்தக் காட்சியை உன் கையால் படியெடுத்துப் பார். 'இல்லை' என்ற பதிலை 'ஆமாம்' என்று மாற்றி ஒரு முறை எழுதிப் பார். அழுகையும் கட்டிப்பிடிப்பும் வரும், பிறகு எழுத ஒன்றும் மிஞ்சாது.

1995இல், 79 வயதில், 'தி யங் மேன் ஃப்ரம் அட்லாண்டா' நாடகத்துக்குப் புலிட்சர் வாங்கினார். 2009 மார்ச்சில் இறக்கும் வரை அந்த ஒன்பது நாடகங்களையும் மூன்று மாலைகளில் நடத்தும்படி சுருக்கும் வேலையில்தான் இருந்தார்.

முன்பணம் வாங்கும் முன் ஒப்பந்தத்தில் மூன்றைப் பார்: எத்தனை டிராஃப்ட் தர வேண்டும், வேறொருவர் திருத்தி எழுதினால் உன் பெயர் எப்படி வரும், வேண்டாமென்றால் பெயரை எடுக்கச் சொல்ல உனக்கு உரிமை உண்டா. வாய்ப்பேச்சாக விடாதே. அட்டைகளை அடுக்கியதும் போட்டோ எடுத்து அனுப்பு. அப்பா ஊஞ்சல் காட்சியைத் தேடி வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா