தாத்தாவின் கப்பல் காகிதங்களைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புள்ள தெருக்காரர்களுக்கும் சொந்தங்களுக்கும்,

வீட்டில் ஈர வாடை இன்னும் போகவில்லை. நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத் தண்ணீரில் எங்களோடு நின்றவர்களே நீங்கள்தான். அம்மாவை மாடிக்குத் தூக்கிய பிள்ளைகள், சோறு அனுப்பிய பெரியம்மா, மோட்டார் கொடுத்த மேஸ்திரி, எதிர்வீட்டார், எல்லோருக்கும் நன்றி. நேரிலும் வருகிறேன். இங்கே இஸ்திரிக்கார அண்ணனைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தாத்தாவின் தகரப்பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அவர் ராயல் இந்தியக் கடற்படையில் வேலை பார்த்த சான்றிதழ், சம்பளப் புத்தகம், எச்.எம்.ஐ.எஸ். பெங்கால் கப்பலின் போட்டோ எல்லாம் ஒட்டிக்கிடந்தன. அண்ணன் பார்த்ததுமே, “சூடு காட்டாதீங்க தம்பி, மை ஓடிடும்” என்றார். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இடையிடையே துணி வைத்தார். மேலே ஒரு பலகை, அதன்மேல் கரி போடாத இஸ்திரிப் பெட்டி. துணி நனைய நனைய மாற்றிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு வந்த துணி மூட்டைகளை எல்லாம் “நாளைக்கு” என்று ஓரமாக வைத்துவிட்டார்.

“என்ன கப்பல் இது?” என்று கேட்டார். சொன்னேன். 1942 நவம்பர் 11, இந்தியப் பெருங்கடலில் கொக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே நடுக்கடல். ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலிலிருந்து ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகப் பெங்கால் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஜப்பானின் ஹொகோகு மாரு, ஐகோகு மாரு என்ற இரண்டு ஆயுதக் கப்பல்கள். ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல். பெங்கால் ஆயிரம் டன்கூட இல்லை. பெரிய பீரங்கி என்று அதில் இருந்தது 12 பவுண்டு குண்டு எறியும் ‘12 பவுண்டர்’ ஒன்றே ஒன்று.

“அப்போ ஓடிடலாமே?”

ஓடவில்லை. எண்ணெய்க் கப்பலைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டு எதிரியை நோக்கித் திரும்பியது. ஹொகோகு மாரு வெடித்து மூழ்கியது. தாத்தா ஸ்டோக்கர், கீழே கொதிகலன் பக்கம். மேலே நடந்த எதையும் அவர் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. ஆனாலும் அடித்தது எங்கள் குண்டுதான் என்று சாகும்வரை சண்டை போடுவார். ஒண்டினாவின் பீரங்கி அடித்ததே அது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு, தாத்தா மன்னிக்கட்டும்.

குண்டுகள் தீரும் நிலையில் பெங்கால் புகைத்திரை போட்டு விலகியது. ஒண்டினா மூழ்கிவிட்டது என்றே நினைத்து டியேகோ கார்சியா தீவு போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் கேப்டனைப் பறிகொடுத்து, கப்பலை விட்டுப் படகில் இறங்கியிருந்த ஒண்டினாவின் ஆட்கள் மறுபடி அதில் ஏறி, தீயை அணைத்து, கப்பலை ஃப்ரீமாண்டிலுக்கே ஓட்டி வந்துவிட்டார்கள். இந்த இடத்தில் அண்ணன் துணி மாற்றுவதை நிறுத்திவிட்டு, “உயிரோட வந்துட்டாங்களா!” என்றார்.

போட்டோவில் ஒரு மூலை போய்விட்டது. சம்பளப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் இல்லை. மற்றவை படிக்கிற மாதிரி இருக்கின்றன. பணம் நீட்டினேன், வாங்கவில்லை. “போட்டோவுல ஒரு காப்பி மட்டும் குடுங்க, பையனுக்குக் காட்டணும்” என்றார்.

வருகிற நவம்பர் 11-க்குள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடுவேன். முதல் பிரதி அண்ணனுக்கு. அப்புறம் சித்தப்பா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் ஒன்று. வேறு யாருக்கு வேண்டுமானாலும் கேளுங்கள், தருகிறேன். பெட்டியை மட்டும் இனி மாடியில்தான் வைப்பேன்.