ஊருக்குப் போகும் வீட்டுக்கார அண்ணைமாருக்கு ஒரு திறந்த மடல்

டொரோண்டோ ஸ்காபரோவில் பேஸ்மென்ட் வாடகைக்கு விட்டிருக்கும் அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். தை பிறக்க முதலே உங்களில் பலர் ஊருக்குப் பறந்துவிடுவீர்கள். அதில் எனக்குப் பொறாமை உண்டு, புகார் இல்லை. என் புகாரெல்லாம் போகும்போது நீங்கள் கையோடு கொண்டுபோகும் ஒரு சாமானைப் பற்றியது. வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தேர்மோஸ்டாட். முன்பு அது மேல்வீட்டுச் சுவரில் இருந்தது. இப்போது உங்கள் போனுக்குள் இருக்கிறது.

இந்தப் பொங்கலுக்கு முதல்நாள் இரவு இங்கே மைனஸ் 22. எங்கள் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தில். ஆளில்லாத மேல்வீட்டுக்கு எதற்குச் சூடு என்று 15 பாகைக்கு இறக்கிவிட்டிருந்தார். கீழே நாங்கள் நாலு பேர் இருக்கிறோம். பத்தரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடும் ஊரில் இருந்து பார்த்தால் அது மறந்துபோகும்தானே.

இரவு வேலை முடிந்து நான் வீட்டுக்கு வர காலை ஆறரை. "தண்ணி வரேல்லை" என்றா மனைவி. குழாயைத் திறந்தேன். ஓர் இருமல், இரண்டு சொட்டு, அவ்வளவுதான். குளியலறையிலும் அதே கதை. வீதியிலிருந்து வரும் மெயின் பைப் எங்கள் வீட்டில் முன்படிக்குக் கீழே இருக்கிற கோல்ட் ரூமுக்குள்ளால்தான் நுழைகிறது. அந்த அறையில் வெளிக்காற்று வர ஓர் ஓட்டை, வீட்டுக்காரரின் ஆறு அரிசி மூட்டை, போர்வை ஒன்றும் இல்லாத வெறும் செப்புப் பைப். பக்கத்துச் சுவரில் இருந்து கசிகிற சூடுதான் அதற்குக் காவல். அதைத்தான் அவர் இறக்கிவிட்டிருந்தார்.

குடிக்கப் போத்தல் தண்ணீர் கொஞ்சம் இருந்தது. கழிப்பறைக்கு? பொங்கல் பானையை நான் தொடப் போக, அம்மா அதைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றா. சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். பனியை அமத்தி அமத்தி நிரப்பி வந்து அடுப்பில் வைத்தால், விளிம்பு முட்ட இருந்தது இறங்கி இறங்கி அடியில் கால்வாசி நின்றது. மேலே ஒரு சருகு, கீழே கறுப்பு மண்டி. இப்படி மூன்று பானை உருக்கினால் ஒரு தரம் ஊற்றலாம். எழுபத்திரண்டு வயது மனுசி, "எனக்கு இப்ப போகத் தேவையில்லை" என்று பொய் சொல்லிக்கொண்டு கட்டிலில் இருந்தா. அண்ணைமாரே, அந்தப் பொய்க்காகத்தான் இந்த மடல்.

வீட்டுக்காரருக்கு எடுத்தேன். அங்கே பின்னேரம் ஐந்து மணி. முற்றத்தில் பால் பொங்கி வழிகிற படத்தை அவர் எங்களுக்கு முதல்நாள் இரவாக இருக்கும்போதே வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார், கைகூப்பும் பொம்மையோடு. "ஹேர் டிரையர் அடிச்சுப் பாருங்கோ தம்பி. இங்கை சரியான வெக்கை" என்றார்.

அடித்தேன். குழாய்களைத் திறந்தபடி விட்டுவிட்டு, அரிசி மூட்டைகளுக்கு நடுவே குந்தியிருந்து, வீட்டுப் பக்கத்தில் இருந்து தொடங்கி வெளிச்சுவர் பக்கமாக அங்குலம் அங்குலமாக. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். ஐஸ் கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீருக்குப் போக வழி இல்லாவிட்டால் பைப் வெடிக்கும். அதற்குத்தான் குழாயைத் திறந்து வைப்பது. காஸ் டோர்ச் பிடிக்கச் சொன்ன நண்பர் ஒருவரும் உண்டு. வீட்டையே கொளுத்துகிற யோசனை அது. பத்தே முக்காலுக்குக் குழாய் ஒருமுறை கனைத்தது, துருநிறத்தில் தண்ணீர் வந்தது. நாங்கள் பொங்கல் பொங்கியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. வெடித்திருந்தால் நனைவது உங்கள் சோபா அல்ல, எங்கள் படுக்கை.

ஆகவே வேண்டுகோள் இதுதான். குளிர்காலத்தில் சூட்டை 21 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள். இது என் ஆசைக் கணக்கல்ல, டொரோண்டோ நகரின் விதி. சூடும் தண்ணீரும் வாடகைக்காரருக்கு மறுக்கக்கூடாத சேவைகள் என்று ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் சொல்கிறது. மிரட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நகரசபைக்கு முறையிடும் 311க்கு போன் அடிக்க எனக்கும் தெரியும், இன்னும் அடிக்கவில்லை. போகும் முன் உங்கள் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருக்கால் வாசியுங்கள். குளிர்காலத்தில் சில நாள் வீட்டைப் பாராமல் விட்டால், பைப் உறைந்து வந்த சேதத்துக்குக் காசு இல்லை என்று பல பத்திரங்களில் எழுதியிருக்கும்.

வீடு பார்க்க வந்த அன்று எங்களிடம் என்னென்ன கேட்டீர்கள்! எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், மச்சம் சமைப்பீர்களா, விருந்தாளி வருவார்களா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். கோல்ட் ரூம் பைப் உறையுமா என்று திருப்பிக் கேட்க எங்களுக்குத்தான் வாய் வரவில்லை. மாதம் முதலாம் திகதி வாடகை வந்ததா என்று பார்க்க யாழ்ப்பாணத்திலும் உங்களுக்கு சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது. நீங்கள் இல்லாத நாட்களில் வாசல் பனி தள்ளுவதும் நான்தான். சரி, மடல் வேறு பக்கம் போகிறது. மன்னிக்க வேண்டும்.

தயவுசெய்து 21க்குக் கீழே இறக்காதீர்கள். முடிந்தால் தேர்மோஸ்டாட்டைக் கீழே இருப்பவர்களும் தொடக்கூடிய இடத்தில் வையுங்கள். மெயின் வால்வ் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போங்கள். பைப்புக்கு மாட்டுகிற நுரை உறை விமான நிலையத்தில் நீங்கள் குடிக்கும் கோப்பி, வடை விலைதான் வரும். வாங்கித் தந்தால் எங்கள் வீட்டுப் பைப்புக்கு நானே போட்டுவிடுகிறேன், கூலி வேண்டாம். அரிசி மூட்டைகளை மட்டும் கொஞ்சம் நகர்த்தித் தரவேண்டும்.

இப்படிக்கு,
கீழ்வீட்டுத் தம்பி