மணியையும் கூட்டிக்கொண்டு வா

அன்புள்ள மலர்,

உன் கடிதம் கிடைத்தது. பெர்லின் வேலை உறுதியாகிவிட்டது என்று படித்ததும் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு இவரிடம் போய்ச் சொன்னேன். காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், இனி ஒரே நாட்டில். அம்மாவின் முட்டி வலி குறைந்திருப்பது இன்னொரு நல்ல செய்தி. இங்கே எல்லாரும் சுகம். குளிர்தான் இந்த வருஷம் கொஞ்சம் கூடுதல். எங்கள் நாய் செவலைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பனியைக் கண்டால் வீட்டுக்குள் வர மறுக்கிறான்.

உன் நாய் மணியைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பொள்ளாச்சியில் சித்தப்பா தோட்டத்தில் விட்டுவிடலாம், அங்கே நன்றாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள் என்றாய். தோட்டம் நல்ல இடம்தான். ஆனால் மணி ஏழு வருஷமாக உன் கட்டிலுக்குக் கீழே தூங்கியவன். அவனுக்குத் தோட்டம் எதற்கு? நீ இருக்கும் இடம் போதும். ஒரு தெருநாய்க்கு இவ்வளவு செலவா என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். செவலையை நான் கூட்டிவந்தபோதும் இதே பேச்சுதான். மணியைக் கூட்டிக்கொண்டு வா. வழி இருக்கிறது. காலம்தான் பிடிக்கும், அதனால் உடனே ஆரம்பிக்க வேண்டும்.

ஜூன் முதல் வாரத்தில் வேலையில் சேர வேண்டும் என்றாய். விசா வந்த பிறகு, டிக்கெட் எடுக்கும்போது நாயைப் பற்றி யோசிக்கலாம் என்று ஆபீஸில் சொன்னார்களாம். அந்தப் பேச்சை மட்டும் கேட்காதே. விசா ஒரு பக்கம் நடக்கட்டும். நாய்க்கான கணக்கு அவனுக்குச் சிப் போடும் நாளிலிருந்து தொடங்குகிறது. குறைந்தது நான்கு மாதம் வேண்டும். இப்போது ஜனவரி. பொங்கலுக்கு முன்னால் ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

வரிசையைச் சொல்கிறேன், இதில் எதையும் முன்பின் மாற்றக் கூடாது. முதலில் மைக்ரோசிப். அரிசிமணி அளவுதான் இருக்கும், தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவார்கள். ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரத்தில் 15 இலக்க எண் உள்ள சிப்பாக இருக்க வேண்டும், கேட்டு வாங்கு. போட்டதும் ஸ்கேனரை வைத்துப் பார்க்கச் சொல். எண் திரையில் வந்த பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. ஒரே நாளில் போடலாம், ஆனால் சிப் முந்த வேண்டும். மணிக்கு வருஷா வருஷம் ஊசி போட்டிருக்கிறாய், எனக்குத் தெரியும். ஆனாலும் சிப் போடுவதற்கு முன்னால் போட்ட ஊசி ஐரோப்பாவின் கணக்கில் வராது. எந்த நாய்க்குப் போட்ட ஊசி என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. இங்கே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பெங்களூரிலிருந்து லாப்ரடார் ஒன்றைக் கொண்டுவந்தது. அங்கே ஒரு கிளினிக்கில் சிப்பின் தேதியை ஊசித் தேதிக்கு அடுத்த நாளாக எழுதிவிட்டார்கள். புறப்படப் போகும் நேரத்தில்தான் அது கண்ணில் பட்டது. ஊசி, ரத்தம், காத்திருப்பு எல்லாம் முதலிலிருந்து. வீட்டுக்காரர் முன்னால் வந்துவிட, அந்த அம்மா நாயோடு மாதக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. அதனால் டாக்டர் தடுப்பூசிப் புத்தகத்தில் எழுதும்போது பக்கத்தில் நின்று பார். சிப் எண், சிப் தேதி, தடுப்பூசியின் பேட்ச் எண், ஊசித் தேதி, எது வரை செல்லும் என்பது, எல்லாம் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்க வேண்டும்.

ஊசி போட்டு 30 நாள் கழிந்த பிறகு ரத்தம் எடுக்க வேண்டும். டைட்டர் டெஸ்ட் என்பார்கள். ரேபிஸுக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 0.5 யூனிட்டாவது இருக்கிறதா என்று பார்ப்பது. ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகம் கொடுக்கும் முடிவுதான் செல்லும், எந்த லேப் ரிப்போர்ட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அனுப்பும் குழாயின் மேலும் படிவத்திலும் சிப் எண் இருக்க வேண்டும். முடிவு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதற்காகப் பதற வேண்டாம், ஏனென்றால் அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டிய மூன்று மாதத்தை ரத்தம் எடுத்த நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். பிப்ரவரி நடுவில் எடுத்தால் மே நடுவில் மணிக்கு வழி திறந்துவிடும். அளவு குறைந்து வந்தால் மறுபடி ஊசி, மறுபடி ரத்தம், மறுபடி மூன்று மாதம். மணி வருஷா வருஷம் ஊசி போட்டவன் என்பதால் அப்படி ஆகாது என்றுதான் நினைக்கிறேன். முதல்முறை ஊசி போட்ட நாய்களுக்குத்தான் அந்தக் கவலை அதிகம். இன்னொரு நல்ல விஷயம், அடுத்தடுத்த ஊசிகளைக் காலம் தவறாமல் போட்டுவந்தால் இந்த டெஸ்ட் அவன் ஆயுசுக்கும் செல்லும்.

நாங்கள் என்ன பாவம் செய்தோம், ஏன் இந்தியாவுக்கு மட்டும் இவ்வளவு கெடுபிடி என்று கோபப்பட்டிருந்தாய். எனக்கும் முதலில் அந்தக் கோபம் இருந்தது. இந்தியாவுக்கு மட்டும் இல்லை, ரேபிஸ் விஷயத்தில் ஐரோப்பா ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இல்லாத எல்லா நாட்டுக்கும் இதே விதிதான். இந்த ஊர்க் கதை தெரிந்த பிறகு எனக்கு மனசு மாறிவிட்டது. இங்கே ரேபிஸைப் பரப்பியவை நரிகள். காட்டில் அலையும் நரியைப் பிடித்து யார் ஊசி போடுவது? 1978-ல் சுவிட்சர்லாந்தில் கோழித் தலைக்குள் தடுப்பு மருந்தை வைத்து நரி நடமாடும் இடங்களில் போட்டுப் பார்த்தார்கள். 1983-ல் ஜெர்மனியும் தொடங்கியது. பிறகு மருந்து வைத்த உருண்டைகளை விமானத்திலிருந்து காடுகளில் தூவினார்கள். வருஷக்கணக்கில் விடாமல் செய்து, 2008-ல் நரியிடமிருந்தும் நாயிடமிருந்தும் ரேபிஸ் வரும் பயம் இந்த நாட்டில் இல்லை என்று அறிவித்தார்கள். இவ்வளவு பாடுபட்டதைக் காப்பாற்றத்தான் இந்த நான்கு மாதம்.

நம் ஊரில் அந்த நோயின் பயம் என்ன என்பது உனக்குத் தெரியாததா? நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள். உன் தம்பியைக் கடித்தபோது அவன் ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அழுதது எனக்கு மறக்கவில்லை. குன்னூர் போகும்போதெல்லாம் அந்தப் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் கட்டடத்தைத் தாண்டித்தானே சிம்ஸ் பார்க் போவோம், 1907-ல் வெறிநாய்க்கடிக்காகத் தொடங்கிய இடம் அது. இன்றைக்கும் உலகத்தில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் வந்துவிட்டால் பிழைப்பது இல்லை என்றே சொல்லிவிடலாம். மணியின் ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்கிறவர்கள் மணியை அவமதிக்கவில்லை, மலர்.

நாயைக் கொண்டுபோவது பற்றி உன் அண்ணன் அமெரிக்காவிலிருந்து சொன்னவை அந்த நாட்டு விதிகள். 2024 ஆகஸ்டிலிருந்து அங்கே வேறு சட்டம், இந்தியாவில் ஊசி போட்ட நாய்கள் குறிப்பிட்ட சில விமான நிலையங்களில் மட்டும்தான் இறங்க முடியும். ஜப்பானில் ரத்தம் எடுத்து 180 நாள். ஆஸ்திரேலியாவுக்கு நம் ஊரிலிருந்து நேராகக் கொண்டுபோகவே முடியாது. ஒரு நாட்டுக்காரர் சொல்வதை இன்னொரு நாட்டுக்குப் பொருத்திப் பார்த்துக் குழம்பாதே.

கடைசி வேலை சான்றிதழ். நம் டாக்டர் உடல்நலச் சான்று கொடுத்ததும், மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் மணியைக் காட்டி, ஐரோப்பிய ஒன்றியத்தின் படிவத்தில் அரசு மருத்துவர் கையெழுத்து வாங்க வேண்டும். கோவையில் அந்த நிலையம் கிடையாது, சென்னையிலும் பெங்களூரிலும் உண்டு. கையெழுத்தான நாளிலிருந்து 10 நாளுக்குள் மணி இங்கே இறங்கிவிட வேண்டும். ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்ந்த படிவமாக எடுத்துக்கொள். இது விற்பனைக்கான நாய் இல்லை என்று நீ எழுதித் தரும் உறுதிமொழியும் கூட இருக்க வேண்டும். நீயும் அவனும் ஒரே விமானத்தில் வர முடியாமல் போனால்கூட இருவரின் பயணத்துக்கும் இடையில் ஐந்து நாளுக்கு மேல் போகக் கூடாது.

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் மணிக்கு இடம் இருக்கிறதா என்று கேள். ஒரு விமானத்தில் இத்தனை பிராணிகள்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு நேர் விமானம் நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புகிறது, மே மாத வெயிலுக்கு அதுதான் நல்லது. நடுவில் மாறுகிற விமானம் வேண்டவே வேண்டாம், வெயிலில் ரன்வே ஓரம் கூண்டு காத்திருக்கும். தூக்க மருந்து கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. வானத்தில் மூச்சும் ரத்த அழுத்தமும் தடுமாறும், விமானத்தில் ஏற்றவும் மறுப்பார்கள்.

கூண்டுதான் முக்கியம், அதை இப்போதே வாங்கு. தையல்கார டேப் எடுத்து மணியை நிற்க வைத்து அளந்துகொள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு அளவு, அதோடு தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டு வரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு அகலம். நின்றால் தலையோ காதோ, எது உயரமோ அது கூரையில் இடிக்கக் கூடாது. வாங்கியதும் கதவைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் போடு. சோற்றுத் தட்டை முதலில் வாசலில் வை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளு. செவலை முதலில் பின்னங்கால் இரண்டையும் வெளியே வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டிச் சாப்பிட்டான். போகப் போக மத்தியானத் தூக்கமே அதற்குள்தான் என்று ஆகிவிட்டது. நீ கட்டித் துவைக்காத பழைய காட்டன் புடவை ஒன்றை உள்ளே விரித்துவிடு, உன் வாசனை அவனுக்குத் துணை. கதவைச் சாத்தி, நீ அடுத்த அறைக்குப் போய், நேரத்தைக் கூட்டிக்கொண்டே பழக்கு. காகிதத்தில் குறை இருந்தால் பணமும் காலமும் போகும். இதில் குறை வைத்தால் அந்தப் பிள்ளை இருட்டில் பத்து மணி நேரம் நடுங்கிக்கொண்டு வரும். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

பிராங்பர்ட்டில் பயப்பட ஒன்றும் இல்லை. செவலை வந்தபோது அந்த அதிகாரி முதலில் கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அவனிடம் ஜெர்மனில் ஏதோ பேசினார். பிறகு கழுத்தில் ஸ்கேனரை வைத்து, வந்த எண்ணைச் சான்றிதழில் விரலால் ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டு ஒப்பிட்டார். 15 இலக்கமும் ஒத்துப்போனதும் முத்திரை விழுந்தது.

அங்கிருந்து பெர்லினுக்கு ரயில். மணி அளவு நாய்க்கு டிக்கெட் வாங்க வேண்டும், வாய்க்கூடு போட வேண்டும், அதையும் இப்போதே பழக்கு. பெர்லினில் நாய்க்கு வரி உண்டு, முதல் நாய்க்கு வருஷத்துக்கு 120 யூரோ. யாரையாவது கடித்தால் ஈடுகட்டும் காப்பீடும் அங்கே கட்டாயம். வீடு பார்க்கும்போது நாய் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடு, வீட்டு ஓனர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள். அதற்கெல்லாம் நான் இருக்கிறேன். ரயிலேறும் முன் எங்கள் வீட்டில் சில நாள் தங்கிவிட்டுப் போங்கள். மைன்ஸ், ஏர்போர்ட்டிலிருந்து அரை மணி நேரம்தான்.

அப்புறம், அம்மாவிடம் மணிக்கு இங்கே தயிர் சோறு கிடைக்குமா என்ற கவலை வேண்டாம் என்று சொல். செவலை தினமும் அதைத்தான் சாப்பிடுகிறான். இந்த வாரமே டாக்டரிடம் போய்விட்டு வா. புத்தகத்தில் எழுதிய பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பு, நானும் ஒருமுறை தேதிகளைச் சரிபார்க்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

உன்,
சுமதி