வாரிக் சீமாட்டிக்குத் தனிப் பதிவு வேண்டும்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். தங்கள் வரலாற்றுக் களஞ்சியத்தின் திருத்திய பதிப்பில், இங்கிலாந்தின் பிரபுப் பட்டங்களுள் ஒன்றான வாரிக் ஏர்ல் பட்டத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1088இல் பட்டம் பெற்ற ஹென்றி டி போமொன்ட் தொடங்கி, பீச்சம் குடும்பத்தார் வழியாக, 'கிங்மேக்கர்' (அரசர்களை உருவாக்குபவர்) என்று பெயரெடுத்த ரிச்சர்ட் நெவில் வரை வரிசை ஒழுங்காகவே வந்திருக்கிறது. ஆனால் நெவிலுக்கு அந்தப் பட்டம் வந்த விதத்தை 'மனைவி வழியாக' என்ற இரண்டே சொற்களில் முடித்துவிட்டீர்கள். அந்த மனைவியின் பெயர்கூட இல்லை. முந்தைய பதிப்பு வந்தபோதும் இக்குறையைச் சுட்டி எழுதியிருந்தேன்; திருத்திய பதிப்பிலும் அது அப்படியே நிற்பதால்தான் இம்முறை வெளிப்படையாக எழுத வேண்டியதாயிற்று.

அவர் பெயர் ஆன் பீச்சம். உடன்பிறந்த அண்ணன் ஹென்றி 1446இலும், அண்ணனின் சிறுமகள் 1449இலும் இறந்துபோக, தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த அக்காமார் மூவரும் உரிமை கோரி நின்ற நிலையில், பட்டம் ஆனிடம் வந்தது. நெவில் ஏர்ல் ஆனது அவரை மணந்திருந்ததால்தான்.

1471 ஏப்ரல் 14 அன்று, அரசர் நான்காம் எட்வர்டை எதிர்த்து நின்ற பார்னெட் போரில் நெவில் கொல்லப்பட்டார். ஆன் ஹாம்ஷயரிலுள்ள பியூலி மடத்தில் அடைக்கலம் புகுந்தார். அங்கிருந்தபடியே நாடாளுமன்றத்தின் பொது அவைக்கு அவர் அனுப்பிய முறையீட்டைத் தங்கள் குழுவினர் அறியாதிருக்க முடியாது. எழுத்தர் இல்லாததால் தம் கைப்படவே கடிதங்கள் எழுதியதாகவும், அரசருக்கும் அரசிக்கும் அரசரின் தாயாருக்கும் தம்பியருக்கும் எழுதி மன்றாடியதாகவும் அதில் அவர் சொல்கிறார். அவர் கேட்டது தம் பிறந்த வீட்டுச் சொத்தை. கணவர் செய்த துரோகத்துக்காக மனைவியின் பரம்பரைச் சொத்தைப் பறிக்கச் சட்டத்தில் வழியில்லை. ஆகவே, அரசரின் தம்பியரான கிளாரன்ஸ் கோமகனும் குளோஸ்டர் கோமகனும் ஆனின் மகள்களை மணந்திருந்த நிலையில், 1474இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: ஆன் இயற்கையாக இறந்துவிட்டவரைப் போலவே கருதப்பட்டு, அவர் சொத்து மருமகன்களுக்குப் பங்கிடப்படும். அப்போது அவர் உயிரோடு இருந்தார்; அதன் பிறகும் 18 ஆண்டுகள் இருந்தார். இரண்டு மகள்களும் அவருக்கு முன்பே இறந்தனர். 1487இல், பின்னர் அரசரான ஏழாம் ஹென்றி அவருக்குச் சொத்தைத் திருப்பித் தந்ததும்கூட, அடுத்த மாதமே அதை அரசருக்கு எழுதி வாங்கிக்கொள்வதற்காகத்தான்.

ஐயன்மீர், அன்றைய நாடாளுமன்றத்துக்கு நிலத்தாசை இருந்தது. இன்று அவர் பெயரை விட்டுவிடுவதற்குத் தங்களுக்கு என்ன காரணம் இருக்கிறது? இந்த ஒரு கட்டுரையோடு முடியும் குறையும் அன்று இது. தங்கள் களஞ்சியத்தின் வம்சாவளி அட்டவணைகளில் மகன்களுக்குப் பெயரும் ஆண்டும் தரப்பட்டிருக்கின்றன. பட்டத்தையும் நிலத்தையும் கொண்டுவந்த பெண்கள் பல இடங்களில் 'ஒரு மகள்' என்று மட்டுமே இருக்கிறார்கள். ஒரு பட்டம் ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்குச் சென்ற வழியே அந்த மகள்தான் எனும்போது, அவரை விட்டுவிட்டு எழுதுவது எப்படி அப்பட்டத்தின் வரலாறாகும்?

அடுத்த அச்சுக்குள் ஆன் பீச்சத்துக்குத் தனிப் பதிவு தந்து, அதில் 1474ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவர் கைப்பட எழுதிய முறையீட்டையும் சேர்க்குமாறும், வாரிக் கட்டுரையில் 'மனைவி' என்ற இடத்தில் அவர் பெயரை இடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்