கமரா இல்லை ஐயா, மோட்டர் மட்டும்தான்: ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு,
ஆடி மாதம்.

எங்கள் பொதியைத் தடுத்து வைத்திருக்கும் அலுவலகத்தின் பொறுப்பதிகாரி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், ஏழு மாதமாக என் செருப்புத் தேய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் வாசல் காவலாளித் தம்பிக்கும் தெரியும். கதையை முதலிலிருந்து சொல்லப்போவதும் இல்லை. நான் எழுதிய ஐந்து கடிதங்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன. இது ஆறாவது. இதை நாலு பேர் பார்க்க எழுதுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நாலு பேருக்காக ஒரு வரி: எங்கள் பொடியன்கள் கட்டிய ரிமோட் பிளேன் ஒன்றுக்கு வரவழைத்த மோட்டர் பொதியை, ட்ரோனுக்கோ என்ற சந்தேகத்தில் தை மாதத்திலிருந்து தடுத்து வைத்திருக்கிறீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது மட்டும் உங்கள் காதுக்கு வந்திருக்காது. உங்கள் படிவத்தில் பதினோராவது கேள்வி, "பொருத்தப்பட்டுள்ள கமராவின் விபரம்". "கமரா இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். முழுமையாக நிரப்பப்படவில்லை என்று திரும்பி வந்தது. "பொருந்தாது" என்று எழுதினேன். அதுவும் திரும்பியது. செவ்வாய்க்கிழமை கவுண்டரில் இருந்த பிள்ளை (அவ மேல் எனக்குக் கோபம் இல்லை) குரலைத் தாழ்த்திச் சொன்னா: "ஐயா, ஏதாவது ஒரு கமராட பேரைப் போட்டுத் தாங்களன், அப்பதான் கம்பியூட்டர் எடுக்கும்." ஆக, இல்லாத கமராவை இருக்கிறது என்று எழுதிக் கையொப்பம் வைத்தால் என் விண்ணப்பம் முழுமையாகிவிடும். நாளைக்கு அந்தக் கமரா எங்கே என்று ஒருவர் கேட்டு வந்தால் நான் எதைக் காட்டுவது?

ஐயா, நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பொதியை விடுவியுங்கள். முடியாதென்றால், ஏன் முடியாது என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வைத்துத் தாருங்கள்.

பொதிக்குள் இருப்பது உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். உள்ளங்கைக்குள் அடங்குகிற மோட்டர் ஒன்று, அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பீட் கொன்ட்ரோலர் ஒன்று, லித்தியம் பொலிமர் பற்றறி இரண்டு, பிளாஸ்டிக் விசிறி மூன்று. பற்றறி ஒவ்வொன்றும் 11.1 வோல்ட், 2200 மில்லி அம்பியர் மணி. பெருக்கிப் பார்த்தால் 24 வாட் மணிக்குச் சற்று மேல். ஆட்கள் ஏறிப் போகிற விமானத்தில் கைப்பையில் 100 வாட் மணி வரை கொண்டுபோக விடுகிறார்கள். உங்கள் மேசையில் இருக்கிற மடிக்கணினியின் பற்றறி இதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

நான் தொழிலால் மோட்டர் சுற்றுகிறவன். தோட்டக்காரர்களின் நீரிறைக்கும் மோட்டர், அரிசி ஆலை மோட்டர், எரிந்துபோய் வருகிற எதையும் கம்பி மாற்றிச் சுற்றிக் கொடுப்பேன். அந்தப் பொதிக்குப் போன காசு ஆறு பம்பு மோட்டர் சுற்றிய கூலி. கடைக்குப் பின்னால் உள்ள பத்தியில் பின்னேரங்களில் நாலு பொடியன்கள் வந்து கூடுவார்கள். அவர்கள் கட்டியதுதான் அந்தப் பிளேன். ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடுகிற சாகசப் பிளேன். மேலும் கீழும் ஒரே வளைவாக இறக்கை இருப்பதால் தலைகீழாகத் திருப்பினாலும் நேராகப் பறப்பது மாதிரியே பறக்கும்.

இப்படிப் பிளேன் கட்டுகிற பாரம் குறைந்த பல்சா மரம் வாங்கிக் கட்டுப்படியாகாது. இறக்கையின் உள்ளுடம்பு மீன் பெட்டி, ஐயா. மீன் ஏற்றி இறக்கி மூலை உடைந்த ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிகளைச் சந்தையில் சும்மா வாங்கிவந்து, சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி, பழைய ஹீற்றரில் இருந்து உருவிய நிக்ரோம் கம்பியை மோட்டர் சைக்கிள் பற்றறியில் சூடாக்கி வெட்டினார்கள். மேலே மண்ணிறத் தாள், தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை. நடுத்தண்டு முறிந்த கார்பன் தூண்டில் கம்பு. சுக்கானை இழுக்கிற கம்பி சைக்கிள் ஸ்போக். மழை நாளில் இன்னமும் கொஞ்சம் மீன் மணக்கிறது. அதைக்கூட நாங்கள் மறைக்கவில்லை, இரண்டாவது கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

இறக்கை நீளம் 1.2 மீற்றர், எல்லாம் பூட்டினால் எடை 1.2 கிலோ. ஆனால் எல்லாம் பூட்ட முடியவில்லையே. அதன் மூக்கில் இப்போது இருப்பது வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு. மோட்டரின் இடத்தில் 110 கிராம், பற்றறியின் இடத்தில் 180 கிராம், தராசில் நிறுத்து நூலால் கட்டியிருக்கிறோம். பிளேன் எந்த இடத்தில் சமநிலை கொள்கிறது என்று பார்க்க வேறு வழியில்லை. இறக்கையின் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் ஆடாமல் நிற்க வேண்டும். நிற்கிறது. ஏழு மாதமாக நன்றாக நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "எப்ப பறக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

இதில் எனக்குத் தாங்க முடியாதது ஒன்று இருக்கிறது. அந்த இறக்கையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவன் என் அக்காவின் மகன். தேய்த்த அளவு சரியா என்று பார்க்கக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவான், பள்ளம் இருந்தால் விரலுக்குத் தெரியும் என்பான். ஓட்டப்போகிறவனும் அவன்தான். ஒரு வருடமாகப் பழைய கம்பியூட்டரில் சிமியுலேட்டர் போட்டுப் பழகியிருக்கிறான். பிளேனைப் பக்கவாட்டில் சாய்த்துக் கத்தி மாதிரி நிறுத்திக் கொண்டுபோவான், மூக்கை வானத்துக்குக் காட்டி விசிறியிலேயே தொங்கவிடுவான். எல்லாம் திரைக்குள்ளே. பொதி நாட்டுக்குள் வந்த தை மாதம்தான் அவன் கட்டாருக்குப் போக முயற்சி தொடங்கினான். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று, மெடிக்கல் முடிந்தது, விசாவும் வந்துவிட்டது. வருகிற 28 ஆம் திகதி பயணம். மூன்று அலுவலகங்கள் ஒரு மனிதனை நாட்டை விட்டு அனுப்பி வைக்க எடுத்த காலத்தில், உங்கள் அலுவலகத்தால் ஒரு மோட்டரைக் களஞ்சியத்தை விட்டு அனுப்ப முடியவில்லை.

"ஏன் மாமா, நீங்களே ஒண்டு சுத்துங்களன்" என்று அவனும் கேட்டான். சுற்றினேன். பழைய சீடி டிரைவில் உள்ள மோட்டருக்குக் கம்பியை மாற்றிச் சுற்றி, பலமான காந்தம் ஒட்டினால் சின்னப் பிளேன் ஒன்று பறக்கும். ஒரு காலத்தில் உலகமெங்கும் பொழுதுபோக்குக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். அது முந்நூறு, நானூறு கிராம் பிளேனுக்குச் சரி. எங்களுடையது செங்குத்தாகத் தொங்க வேண்டுமென்றால் இழுவை அதன் எடையை மிஞ்ச வேண்டும். அதற்கு 350 வாட்டாவது வேண்டும், 30 அம்பியருக்கு மேல் ஓடும். சீடி மோட்டரில் அவ்வளவு ஓட்டினால் கம்பி கருகும், கருகியது. பெரிதாகச் செய்ய நியோடிமியம் காந்தம் வேண்டும். அதுவும் பொதியில்தான் வர வேண்டும். எண்ணெய் எஞ்சின் போடலாமே என்று உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் ஆலோசனை சொன்னார். நன்றி. அந்த எஞ்சின் குடிப்பது மெதனோல், ஆமணக்கெண்ணெய், அதோடு வெடிமருந்துக்கும் பயன்படுகிற நைட்ரோமீதேன். மட்டக்களப்பில் ஒருவன் கடை கடையாக ஏறி நைட்ரோமீதேன் இருக்கிறதா என்று கேட்டால் அன்று இரவு அவன் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது ட்ரோன் இல்லை என்பதை ஐந்து முறை விளக்கிவிட்டேன். ட்ரோன் கையை எடுத்தாலும் நின்ற இடத்தில் நிற்கும், தன் இடத்தைத் தானே செய்மதியில் பார்த்துக்கொள்ளும். இதில் அந்த மூளை கிடையாது. ஓட்டுகிறவன் ஒரு தும்மல் தும்மினால் வயலுக்குள் மூக்கைக் குத்தும். பறப்பது ஆறேழு நிமிடம், அதுவும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குள். 1905 இல் தொடங்கிய சர்வதேச வான் விளையாட்டுச் சம்மேளனம் இந்த வகைக்கு எஃப்-3-ஏ என்று பெயர் வைத்து, இறக்கை 2 மீற்றர், எடை 5 கிலோ என்று எல்லை போட்டு உலகப் போட்டி நடத்துகிறது. எங்களுடையது அந்த எடையில் நாலில் ஒரு பங்கும் இல்லை.

பயம் ஏன் வந்தது என்பதை நீங்கள் எனக்குச் சொல்லத் தேவையில்லை. 2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது நாங்கள் இந்த ஊரில்தான் இருந்தோம். அந்தக் கிழமையே ட்ரோன்களைத் தடை செய்தார்கள், நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு முந்திய யுத்த காலத்தையும் பார்த்தவன் நான். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போகிறவன் டோர்ச் பற்றறிக்குக்கூடச் சோதனைச்சாவடியில் காரணம் சொன்ன காலம் அது. அன்று கேட்டவரிடம் பதில் சொன்னோம், போ என்றாவது திரும்பு என்றாவது அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். உங்களிடம் அதுவும் இல்லை. "கொழும்பில இருந்து கடிதம் வரல்ல, மறுகா வாங்க." பிறகு என்பதற்கு மறுகா என்பது எங்கள் ஊர்ச் சொல்தான், நல்ல சொல். எந்தக் கிழமை என்பது மட்டும் அதற்குள் இல்லை.

சரி, கடிதம் கொழும்பில் இருந்து ஒருமுறை வந்தது. தனிச் சிங்களத்தில். 1987 இல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். நான் உங்களுக்கு எழுதிய ஐந்தும் தமிழில். பதிலை வாசித்துத் தந்தது பக்கத்து ஹார்ட்வெயார் முதலாளி. அதில் இருந்தது இரண்டே வரி: உங்கள் கடிதம் கிடைத்தது, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. உரிய பிரிவு எது என்று கேட்க நானும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போனேன். ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுப் போய், மூன்றாம் மாடியில் நாலு மணித்தியாலம் வாங்கில் இருந்தேன். கடைசியில் வந்த ஒருவர், "இது மட்டக்களப்பிலேயே முடிக்கிற விஷயமே" என்றார். அன்றைக்கு மூன்றாம் மாடியில் யாருமே இல்லாமல் மூன்று மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்றின் பெயாரிங் போய்விட்டது, சத்தத்திலேயே தெரிந்தது. சொல்லவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

பறக்கவிடப்போகிற இடத்தைப் பற்றியும் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். திமிலைதீவு விமான ஓடுபாதைப் பக்கமே நாங்கள் போகப்போவதில்லை. மண்முனைப் பாலம் தாண்டி, கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால், சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைக்காமல் தரிசாகக் கிடக்கிற வயல். காணிக்காரரின் சம்மதக் கடிதமும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் கோப்பில் இருக்கின்றன. கோயில் கல் நந்தி எழுந்து புல் தின்றது என்று சொல்கிற ஊர் கொக்கட்டிச்சோலை. அந்தப் பக்கத்தில் எழும்ப மாட்டேன் என்று கிடப்பது எங்கள் பிளேன் ஒன்றுதான். இப்போது கச்சான் காற்றுக் காலம். விடிந்து ஒரு மணித்தியாலம் அடங்கிக் கிடக்கும், அப்புறம் கிளம்பினால் பின்னேரம் வரை விடாது. அந்த ஒரு மணித்தியாலம் போதும். 28 ஆம் திகதிக்கு முன் ஒரே ஒரு விடியற்காலை.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன். பொதியை விடுவியுங்கள். நீங்கள் யாரையாவது அனுப்பினால் அவருக்கு முன்னாலேயே மோட்டரைப் பூட்டுகிறோம், பறக்கிறபோதும் பக்கத்தில் நிற்கட்டும், தேத்தண்ணி எங்கள் செலவு. விடுவிக்க முடியாதென்றால் காரணத்தை எழுத்தில், தமிழில் தாருங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் இன்று ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். 14 வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தப் பதில் வரும்போது பொடியன் கட்டாரில் இருப்பான் என்பதால்தான் இந்த மடல்.

இன்னொன்று, இது கோரிக்கை. பற்றறி இரண்டும் உங்கள் தகரக் கூரைக் களஞ்சியத்தில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். அவை நிரம்பினால் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட், நெடுநாள் வைக்க 3.8 நல்லது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் பிறகு நம்ப முடியாது. கால் பங்குச் சார்ஜோடு வந்தவை ஏழு மாதமாக வெக்கையில் கிடக்கின்றன. தயவுசெய்து நிழலான இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். தலையணை மாதிரி ஊதியிருந்தால் யாரும் ஊசியால் குத்திப் பார்க்க வேண்டாம், தீப்பிடிக்கும். ஒரு வாளியில் காய்ந்த மணல் போட்டு அதற்குள் வைத்துவிட்டு எனக்கு ஒரு கோல் எடுங்கள். என் நம்பர் படிவத்தில் மூன்றாவது கேள்விக்குக் கீழே இருக்கிறது. அந்தக் கேள்வி மட்டும் ஒருமுறையும் திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
பணிவுடன்,
மோட்டர் வைண்டிங் கடைக்காரன்